கடைசி இரண்டு வெள்ளி

எங்கள் வீட்டில் நான்கு பேர். 2023 ஜனவரியில் சிடிசி பற்றுச்சீட்டு 300 வெள்ளி வந்தபோது, அந்தக் குறுஞ்செய்தி இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

பேரங்காடிக்கு உரிய 150 வெள்ளியை யாரும் தொடவில்லை. அரிசி, எண்ணெய் வாங்குவதில் என் பிள்ளைகளுக்கு என்றுமே ஆர்வம் இருந்ததில்லை. மற்ற 150 வெள்ளிதான் கரைந்தது. “யார் நேற்று 5 வெள்ளி எடுத்தது?” என்று விசாரிப்பேன். மகள் தம்பியைக் காட்டுவாள். தம்பி அம்மாவைக் காட்டுவான். என் மனைவி, குப்பைத்தொட்டியில் கிடக்கும் பபிள் டீ கோப்பையைக் காட்டுவார். இரண்டே வாரத்தில் கணக்கு சுத்தம். எனக்கு ஒரு கோப்பி ஓ கூடக் கிடைக்கவில்லை.

ஈசூனில் தனியாக இருக்கும் என் அம்மாவின் கணக்கு இதற்கு நேர்மாறு. அவருக்கும் நான்தான் சிங்பாஸ் வழியாகப் பெற்றுக் கொடுத்தேன். இணைப்பு அவர் கைப்பேசியிலும் இருந்தது, என்னிடமும் இருந்தது. எம்ஆர்டியில் போகும்போது அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன். ஜனவரியில் 300. பிப்ரவரியில் 300. மார்ச்சிலும் அதே 300.

தொலைபேசியில் அழைத்து விளக்கினேன். “2, 5, 10 வெள்ளின்னு இருக்கும்மா. வேணுங்கிறதைத் தொடணும். கியூஆர் குறியீடு வரும். கடைக்காரர்கிட்ட காட்டினா அவர் ஸ்கேன் பண்ணிக்குவார்.”

“எனக்கு அதெல்லாம் வராதுய்யா. நீ வர்றப்ப பாத்துக்கலாம்.”

யாருக்கு வராது? காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவோடு எல்லாருக்கும் ‘இனிய காலை வணக்கம்’ அனுப்புகிறவர். தவறவிட்ட சீரியலை யூடியூபில் தேடிப் பிடித்துப் பார்க்கிறவர். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. வயதானவர், பாவம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை நேரம் ஒதுக்கிப் போனேன். சந்தைக்குக் கிளம்பினோம். அம்மா முன்னால், கைப்பேசியோடு நான் பின்னால். சீனக் காய்கறிக்காரரிடம் அம்மா பல ஆண்டுகளாகப் பேசிவரும் சந்தை மலாயில் “பெராப்பா?” என்றார். 7 வெள்ளி 40 காசு. ஒரு 5, ஒரு 2 தொட்டேன். மீதி 40 காசை அம்மா சுருக்குப் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். பிறகு என் தோளைத் தட்டி, “இனி அனாக் சாயா” என்றார். என் மகன்.

மீன் கடையிலும் அதே அறிமுகம். தேங்காய்க் கடையிலும் அதே. முட்டை விற்பவர் என்னைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம், ரொம்பக் குண்டாகிவிட்டேனாம். அரைமணி நேரச் சந்தை இரண்டு மணி நேரம் ஆனது. செலவானது 27 வெள்ளி.

பைகளோடு திரும்பியபோது, நடைபாதையில் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “நான் சமூக மன்றத்துக்குப் போய்க் காகிதத்திலேயே அச்சடித்து வாங்கிவிட்டேன். உன் அம்மாவையும் கூப்பிட்டேன். வேண்டாம், என் மகன் வருவான் என்று சொல்லிவிட்டார்,” என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் மும்முரமாகச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

அன்று வீடு திரும்பும் வழியில் யோசித்தேன். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை அரிசி மூட்டை தூக்கிக் கொடுக்கப் போவேன். இணையத்தில் வாங்கி வாசலுக்கே அனுப்பப் பழகியதும் அது நின்றது. மின்சாரக் கட்டணம் கட்டப் போவேன். ஜைரோ போட்டுக் கொடுத்ததும் அதுவும் நின்றது. பலதுறை மருந்தகத்து மருந்தும் இப்போது வீட்டுக்கே வருகிறது. அம்மாவுக்கு எல்லாவற்றையும் சுலபமாக்கிவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வேலையைச் சுலபமாக்கியபோதும் நான் அங்கே போக வேண்டிய காரணம் ஒன்று குறைந்தது. அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. மிஞ்சிய ஒரே காரணத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“சும்மா வந்துட்டுப் போய்யா” என்று அவர் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். “இந்த வாரம் வேலைம்மா. வீடியோவில் பேசலாம்.”

அதன்பின் மாதம் இரண்டு சனிக்கிழமை போக ஆரம்பித்தேன். கணக்கு மெல்ல மெல்ல இறங்கியது. டிசம்பரில் 2 வெள்ளி மிச்சம். 31ஆம் தேதியோடு காலாவதி. “கொத்தமல்லியாவது வாங்கலாம்மா” என்றால், “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசி நாளும் நான் போனேன். கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் வாங்கினோம். கணக்கு பூஜ்ஜியம்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

“அடுத்தது எப்பய்யா தருவாங்க?”

“ஜனவரியிலயே தர்றாங்கம்மா. இந்தத் தடவை 500 வெள்ளி.”

அம்மா மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டார். வெள்ளிக் கணக்காக இருக்காது என்று நினைக்கிறேன்.