அடிஸ் அபாபாவில் நோன்புத் தட்டு

எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவுக்குச் செல்லும் புலால் உண்ணாத பெரியவர்களுக்கு முதலில் எழும் கவலை உணவைப் பற்றியதே. பிள்ளைகளின் பணி நிமித்தமாகவோ விமானம் மாறும் வழியிலோ அங்குத் தங்க நேர்பவர்கள், புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டே புறப்படுகின்றனர். சென்றிறங்கும் நாள் புதனாகவோ வெள்ளியாகவோ அமைந்துவிட்டால், அந்தப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வரும்.

அந்நாட்டின் தொன்மையான ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அவ்விரு கிழமைகளையும் நோன்பு நாள்களாக விதித்துள்ளது. ஈஸ்டரை அடுத்த 50 நாள்கள் மட்டும் விலக்கு. ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்போ 55 நாள்கள் நீளும். நோன்பில் இறைச்சி, முட்டை மட்டுமன்றிப் பாலும் நெய்யும்கூடக் கிடையாது. ஆகவே சிறு கடையாயினும் பெரிய விடுதியாயினும் 'யெத்சோம் பெயாய்நெத்து' என்று கேட்டால் போதும், நோன்புத் தட்டு வந்துவிடும். பியாசா பகுதியில் பேரரசி தைத்துவின் பெயர் தாங்கிய பழைய விடுதி, மதிய நேரத்துச் சைவப் பந்திக்குப் பேர்போனது.

தட்டு நிறைய விரிந்திருப்பது இன்ஜெரா. கசகசா அளவேயான டெஃப் என்னும் தானியத்தின் மாவைச் சில நாள்கள் புளிக்கவைத்து, ஒருபுறம் மட்டும் வேகவிட்டு எடுப்பது. புளித்த தோசையை அறிந்த நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அதன்மேல் மைசூர்ப் பருப்புக் காரக் குழம்பு, மஞ்சள் சேர்த்த பட்டாணிப் பருப்பு, கீரை, பீட்ரூட், நடுவே ஷிரோ என்னும் கடலைமாவுக் குழம்பு. காரம் ஒவ்வாதவர் 'அலிச்சா' வகையைக் கேட்கலாம். வெங்காயமும் பூண்டும் விலக்கியவர்களுக்கு இத்தட்டு உதவாது. பழங்களும் வெறும் இன்ஜெராவுமே வழி.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மீனை நோன்புக்கு ஏற்றதென்று கொள்வோர் அங்குள்ளனர். ஆதலால் 'அசா' வேண்டாமென்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நோன்பில்லாத நாளில் 'போசெனா ஷிரோ' என்று வருவது இறைச்சி கலந்தது.

இவற்றினும் பெரிய சங்கடம் எச்சில். ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து அனைவரும் கையால் உண்பது அவ்வூர் வழக்கம். உணவகத்தில் தனித்தட்டு கேட்டுப் பெறலாம். ஆனால் வீட்டுக்கு அழைத்தவர், தம் கையால் கவளம் உருட்டி விருந்தினர் வாயில் ஊட்டுவார். 'குர்ஷா' என்னும் அந்த உபசாரத்தை மறுத்தால் அவர் மனம் வாடும். ஆசாரத்தைக் காப்பதா, அன்பை ஏற்பதா என்பதை அவரவர் அந்த நொடியிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உண்டபின் உடனே எழுந்துவிடலாகாது. தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணிப் புகையிட்டு, காப்பிக் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, மணம் நுகர ஒவ்வொருவரிடமும் நீட்டுவர். மும்முறை காய்ச்சி, சின்னஞ்சிறு கிண்ணங்களில் ஊற்றித் தருவர். நோன்பு நாளென்றால் அதில் பால் இராது. கும்பகோணத்து டிகிரி காப்பிக்குப் பழகியவர்கள் சர்க்கரையைச் சற்றுத் தாராளமாகவே போட்டுக்கொள்ளலாம்.