விளையாட்டுப் பெட்டியும் ஏட்டுச் சுவடியும்

சென்ற ஆண்டு பெருநாள் விடுமுறையில் நம் இல்லத்திற்கு வருகை தந்த இளங்கலை மூன்றாமாண்டு மாணவர் நால்வர், நூலடுக்கின் கீழ்த்தட்டைக் கண்டு வியந்து நின்றனர். மேல்தட்டுகளில் சங்க நூல்களும் சீறாப்புராணமும் வரிசையாய் நிற்க, கீழ்த்தட்டில் பழைய வீடியோ கேம் பெட்டிகள் ஆறும், நாற்பதுக்கு மேற்பட்ட கேசட்டுகளும் அடுக்கப்பட்டிருந்தன. "ஐயா, இவை தங்கள் பிள்ளைகளுடையனவா?" என்று ஒருவர் தயங்கித் தயங்கி வினவினார். நம்முடையவையே என விடையிறுத்தோம். நாற்பதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவருக்கு இவற்றோடு என்ன உறவு என்னும் வினா அவர்தம் முகங்களில் தெரிந்தது; அன்று அதற்கு விடை கூறவில்லை. துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் எனத் துறைத்தலைவர் பணித்தபோது, அவ்விடையையே எழுதுவது எனத் துணிந்தோம்.

நாம் பிறந்து வளர்ந்தது அத்திப்பட்டில். எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே, கும்மிடிப்பூண்டி இருப்புப்பாதையை ஒட்டிய ஊர். கிழக்கே உப்பளமும் கழிமுகமும். அவற்றுக்கு அப்பால் கடல். நம் இளமையில் அவ்வூரின் வானத்தை நிறைத்தது வடசென்னை அனல்மின் நிலையம். அதன் முதல் அலகு 1994-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. 1996-க்குள் 210 மெகாவாட் திறனுடைய அலகுகள் மூன்றும் நிறைவுற்றன. அக்கட்டுமானப் பணியில் நம் வாப்பா ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஃபிட்டராக உழைத்தார்கள். ஓவர்டைம் தொகை கைக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மையும் நம்மினும் ஈராண்டு இளைய தம்பியையும் தொடர்வண்டியில் ஏற்றிக் கடற்கரை நிலையத்தில் இறக்கினார்கள். எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் வாழ்வாதாரத்திற்காக 1969-இல் தோன்றிய அக்கடை வரிசை, அயல்நாட்டுப் பொருளைக் கண்ணால் காண விரும்பிய சென்னை மக்களுக்கு அந்நாளில் ஒரு பொருட்காட்சியாகவே விளங்கியது. அங்கேதான் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு, செய்தவர் பெயர் எங்கும் அச்சிடப்படாத வீடியோ கேம் பெட்டி ஒன்று நம் குடும்பத்திற்கு வந்து சேர்ந்தது. பேரம் பேசி வாப்பா குறைத்த தொகை நூறு. அந்த நூறில் மூவரும் பிரியாணி உண்டு ஊர் திரும்பினோம்.

அப்பெட்டி எதன் படி என்பதை நாம் அறிந்தது பல்லாண்டுகளுக்குப் பின்னர். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் பெட்டியே அதன் மூலம். அதனை வடிவமைத்தவர் மசாயுகி உவெமுரா என்னும் பொறியாளர், 2021-இல் மறைந்தார். அப்பெட்டியின் பணி நினைவகம் இரண்டே கிலோபைட். உலகெங்கும் பிள்ளைகளை ஆட்கொண்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு 1985-இல் வெளிவந்தபோது, அதன் நிரலும் படங்களும் இசையும் சேர்ந்து அடங்கிய இடம் 40 கிலோபைட். நீங்கள் படிக்கும் இக்கட்டுரையைக் கணினியில் தமிழ் ஒருங்குறியில் சேமித்தால் ஆகும் இடமும் அதனோடு ஒப்பிடத்தக்கதே. மூலத்தைத் தயாரிப்பதை அந்நிறுவனம் 2003-இல் நிறுத்தியது. அதன் படிகளோ நூற்றுக்கணக்கான பெயர்களில் ஆசியாவெங்கும் பரவின. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் ஆடியவை இத்தகைய படிகளே.

நம் வீட்டில் அன்று இருந்தது சாலிடேர் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. ஆகவே மாரியோவின் தொப்பி சிவப்பு என்பதையோ, அவனது வானம் நீலம் என்பதையோ நாம் அறியோம். அதனால் விளைந்த பூசலும் உண்டு. கோன்ட்ரா என்னும் விளையாட்டில் இரு வீரர்கள் ஒருங்கே போர் புரிவர். முதல்வனின் காற்சட்டை நீலம், இரண்டாமவனுடையது சிவப்பு. கறுப்பு வெள்ளைத் திரையில் இருவரும் ஒரே சாம்பல் நிறம். எவன் நம்மவன், எவன் தம்பியினுடையவன் என்பதே நாள்தோறும் வழக்கு. மூலப் பெட்டியைப் போலவே நம் பெட்டியிலும் இரண்டாவது ரிமோட்டில் விளையாட்டைத் தொடங்கும் பொத்தான் இல்லை. மூத்தவன் தொடங்கினால்தான் இளையவனுக்கு ஆட்டம். அந்த இரண்டாவது ரிமோட் என்றும் தம்பிக்கே உரியதாயிற்று.

அவ்விளையாட்டின் மூன்றாம் கட்டம் ஓர் அருவி. பாறைக்குப் பாறை தாவி இருவரும் மேலேற வேண்டும். ஒருவன் விரைந்து ஏறினால் திரையும் அவனோடு மேலே நகரும்; கீழே பின்தங்கியவன் திரைக்கு வெளியே போய் மடிவான். பகைவன் குண்டு அவன்மேல் பட வேண்டியதில்லை; உடன் வந்தவனின் அவசரமே போதும். அக்கட்டத்தில் தம்பி எத்தனை முறை மடிந்தான் என்பதற்குக் கணக்கில்லை. "காக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்று அவன் கூவுவதும், நாம் நில்லாமல் ஏறுவதும் வாடிக்கை.

காலம் உருண்டது. 2001-இல் பணியிடத்தில் வாப்பாவின் வலக்கால் நசுங்கியது. ஓராண்டுக்குள் தம்பி படிப்பை விடுத்துத் தம்மாம் சென்றான். அவன் அனுப்பிய பணத்தில் வீட்டு அடுப்பு எரிந்தது. நம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கான கட்டணமும் அதில்தான் கட்டப்பெற்றது. 2018-இல் வாப்பா இறையடி எய்திய பின், கடன் நெருக்கடியில் இருந்த தம்பி, வீட்டை விற்றுப் பங்கைத் தருமாறு தொலைபேசியில் கேட்டான். உம்மா இருக்கும்வரை விற்பதில்லை என்றோம். அது வரையில் நியாயமே. ஆனால், "ஊரை விட்டுப் போனவனுக்கு ஊரில் வீடு எதற்கு?" என்று ஒரு சொல்லையும் சேர்த்துச் சொன்னோம். அவன் யாருக்காக ஊரை விட்டுப் போனான் என்பதை அந்நேரம் மறந்தோம். அதன்பின் ஆறு ஆண்டுகள் அவன் நம்மோடு பேசவில்லை.

வீட்டை வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அப்பெட்டி அகப்பட்டது. எவர் பங்கிலும் சேராத பொருள். இயக்கிப் பார்த்தோம், உயிரில்லை. கடற்காற்றின் உப்பு அதன் உள்ளே பச்சையாய்ப் பூத்திருந்தது. ரிச்சி தெருவில் பழைய மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். வீங்கிப் போன கண்டென்சர்களை மாற்றி, அடாப்டர் செருகும் இடத்தில் விட்டுப்போன ஈயப் பற்றைப் புதுப்பித்துத் தந்தார். கேசட் இயங்காதபோது வாயால் ஊதுவோமே, அது தவறு என்பதையும் அவரிடமே கற்றோம். எச்சிலின் ஈரம் செம்புத் தகடுகளை அரிக்குமாம். மீண்டும் மீண்டும் செருகுவதால் தொடர்பு சரியாவதை ஊதியதன் பயன் என நாம் நம்பியிருந்தோம். தகடுகளை அழிரப்பரால் தேய்த்துச் சாராயத் திரவத்தால் துடைப்பதே முறை.

பெட்டி உயிர்பெற்றது, ஆனால் வாத்து சுடும் விளையாட்டின் துப்பாக்கி இன்றைய தட்டைத் திரையில் வேலை செய்யவில்லை. காரணம் சுவையானது. விசையை அழுத்திய கணத்தில் திரை முழுதும் இருண்டு, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெண்கட்டமாய் மின்னும். துப்பாக்கியின் முனையில் உள்ள ஒளியுணரி அவ்வெண்மையைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். பிக்சர் டியூபில் மின்னணுக் கற்றை வரிவரியாய்ப் படத்தை எழுதும் வேகத்தோடு இக்கணக்கு பிணைந்தது. தட்டைத் திரை படத்தைச் சற்றே தாமதித்துக் காட்டுவதால் கணக்குப் பிழைக்கிறது. இதற்கு விடையும் வீட்டிலேயே இருந்தது. 2006-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு விலையின்றி வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளுள் ஒன்று, வாப்பாவின் குடும்ப அட்டைக்கு வந்தது, துணி போர்த்தி மூலையில் கிடந்தது. அதில் இணைத்தோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆடிய பெட்டியில் மாரியோவின் வானம் நீலமாய் விரிந்ததை அன்றுதான் முதன்முறை கண்டோம்.

சேகரிப்பு அவ்வாறு தொடங்கியது. சேகா, பிளேஸ்டேஷன் முதலான பெட்டிகளைப் பர்மா பஜாரிலும் காயலான் கடைகளிலும் தேடித் திரிந்தோம். காயலான் கடை என்னும் சொல்லைக் காயல்பட்டின வணிகரோடு தொடர்புபடுத்துவர். பிறர் கழித்ததைப் பேணும் தொழிலுக்கு நம்மவர் ஊர்ப்பெயர் வழங்குவது நமக்கு இழிவன்று. 2021-இல் அமெரிக்காவில் உறை பிரியாத சூப்பர் மாரியோ 64 கேசட் ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நாம் அவ்வழியினர் அல்லர். உறை பிரித்து ஆடுவதற்கே வாங்குகிறோம். பெரும்பாலும் எடைக்குப் போகவிருந்த பொருள்களே கிடைக்கின்றன. ஆயினும், "இத்தனை காசும் விரயந்தானே?" என்று உம்மா கேட்டபோது உடனே விடை சொல்ல இயலவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்தோம். நம் ஆய்வுப் பொருள் பாடபேதம். ஏடெழுதுவோர் கைமாறக் கைமாற மூலம் எவ்வாறு திரிகிறது என்பதே நாம் கற்ற கல்வி. அந்தக் கண்ணோடு நோக்கினால் நம் கேசட்டுகளும் சுவடிகளே. ஒன்றின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை பத்தோ பன்னிரண்டோ. எஞ்சியவை அவற்றையே பெயர் மாற்றியும், இடையிலுள்ள கட்டத்திலிருந்து தொடங்கியும் பெருக்கியவை. தலைப்புகளில் எழுத்துப்பிழை, படைத்தவர் பெயர் நீக்கம், இடைச்செருகல் அனைத்தும் உண்டு. பிறர் உழைப்பை உரிமையின்றிப் படியெடுத்தது குற்றமே; அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் நம் தலைமுறைக்குக் கிட்டிய பாடம் அதுவே என்பதும் வரலாறு.

மூலங்களின் நிலையோ கவலைக்குரியது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த வீடியோ விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என, அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. செல்வச் செழிப்பும் நூலகங்களும் மிக்க நாட்டிலேயே இந்நிலை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்திராவிடில் நம் கையில் என்ன இருந்திருக்கும்? நம் பாட்டனார் பழவேற்காட்டில் கைப்பட எழுதி வைத்த அரபுத்தமிழ் ஏடு ஒன்று இரும்புப் பெட்டிக்கு வெளியே வைக்கப்பட்டதால் கறையானுக்கு இரையானது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கூற இன்று எவரும் இலர். வாத்து சுடும் விளையாட்டைக் காப்பியத்தோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஒரு காலத்து மக்கள் எதில் மகிழ்ந்தனர் என்பதற்கான சான்று, அற்பமானது என்று கழிக்கப்படும்போதே அழிகிறது என்பதைச் சொல்கிறோம்.

இவ்விடையை உம்மாவிடம் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு, "சின்னவனுக்குப் படம் அனுப்பினாயா?" என்று மட்டும் கேட்டார்கள். இரண்டு ரிமோட்டுகளையும் பெட்டியோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பினோம். மூன்று நாள் மறுமொழி இல்லை. நான்காம் நாள், "ரெண்டாவது ரிமோட் வேலை செய்யுதா?" என்று ஒரு வரி வந்தது.

2024-இல் விடுப்பில் வந்தவன் ஓரிரவு உம்மாவைக் காண வீட்டுக்கு வந்தான். உணவுக்குப் பின் ஏதும் பேசாமல் அத்தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். நீலம் நாம், சிவப்பு அவன். முதன்முறையாய் வழக்கின்றி விளங்கியது. மூன்றாம் கட்டத்து அருவி வந்தது. "மெல்ல ஏறுங்க காக்கா, நான் கீழே இருக்கேன்" என்றான். நின்றோம். அவன் நம் பாறைக்கு வந்தபின் அடுத்ததற்குத் தாவினோம். விரல்கள் முதுமையெய்திவிட்டன, நான்காம் கட்டத்தில் இருவருமே மடிந்தோம். ரிமோட்டைக் கீழே வைத்தபின், ஆறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன சொல்லுக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். மறுநாள் உம்மாவின் முன்னிலையில், வீட்டில் அவனுக்குரிய பங்கின் மதிப்பை ஈராண்டுத் தவணையில் தருவதாக எழுதிக் கொடுத்தோம். இரண்டு தவணைகள் சென்றுவிட்டன. கூடுதல் தாள் திருத்தும் ஊதியமும் அதற்கே போகிறது; புதிய பெட்டி எதுவும் வாங்குவதை நிறுத்தி வைத்துள்ளோம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒரு பெட்டி இருக்கும். அது ஏடாகவும் இருக்கலாம், ஒலிநாடாவாகவும் இருக்கலாம், பழுதுற்ற விளையாட்டுக் கருவியாகவும் இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். பழுது நீக்க வல்லவர் இன்னும் சிலர் இருக்கின்றனர்; அவர்கள் இருக்கும்போதே கொண்டு செல்லுங்கள். நீங்கள் முந்தி ஏறியதால் கீழே விடுபட்டவர் எவரேனும் இருந்தால், அவருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்.