முப்பத்தாறு குமிழ் கச்சேரி!

பிரான்ஸிலிருந்து எங்கள் கோவில்பத்துக்கு வராத சாமானே கிடையாது. சென்ட் வரும், சாக்லெட் வரும், மாசம் பிறந்தால் சிலருக்குப் பென்ஷனும் வரும். போன வருஷம் எனக்கு வந்தது இரண்டு பெட்டிகள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆன என் மாமா ('சொல்தா வீடு' என்று கேட்டால் தெருவில் யாரும் காட்டுவார்கள்) பாரிஸ் வீட்டைக் காலி பண்ணும்போது, அவர் மகன் இளவயசில் வாசித்ததை எடுத்து, "ஆபீஸ் விட்டா நீ பொட்டி தட்டறவன்தானே, வெச்சுக்க மாப்ளே!" என்று கொடுத்தனுப்பிவிட்டார்.

ஒன்று, ஜப்பானின் கோர்க் கம்பெனி 1978-ல் வெளியிட்ட எஸ்.க்யூ.10 ஸீக்வென்ஸர். இன்னொன்று, அதே வருஷத்து எம்.எஸ்.10 ஸிந்தஸைஸர். முதலாவதைப் பார்த்த என் சம்சாரம், "பழைய ஈ.பி. மீட்டர் மாதிரி இருக்கே... ஷாக் அடிக்குமா?" என்றாள்.

விஷயம் ரொம்ப சிம்பிள் ஸார். ஒரு வரிசைக்கு 12 குமிழ், மொத்தம் மூன்று வரிசை. எங்கள் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீட்டுக்கு வீடு நின்று படையல் வாங்கிப் போவாரே, அந்த மாதிரி ஒரு சின்ன விளக்கு குமிழ் குமிழாக நின்று போகும். எந்தக் குமிழில் நிற்கிறதோ, அதைத் திருகி வைத்த அளவுக்கு வோல்டேஜ் ஸிந்தஸைஸருக்குப் போகும். வோல்டேஜ் ஏறினால் ஸ்வரம் ஏறும். பன்னிரண்டாவது வீடு முடிந்ததும் மறுபடி முதல் வீடு. நிறுத்துகிற வரை அதே ஊர்வலம்தான்!

கம்ப்யூட்டர் மாதிரி இதற்கு மெமரி கிடையாது. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் மெமரி. கரண்ட் போய் வந்தாலும் பாட்டு பத்திரமாக இருக்கும். ஆனால் வேலைக்கார அம்மா துணியால் ஒரு தடவை துடைத்தால் போச்சு, மோகனம் வேறெதுவோ ஆகிவிடும். குமிழைச் சுற்றி ஸ ரி க ம என்று எதுவும் எழுதியிருக்காது. காதால் கேட்டுக் கேட்டுத்தான் திருக வேண்டும். அதிலும் இந்த மாடலில் ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏற வோல்டேஜ் இரண்டு மடங்காக வேண்டும். ஆகவே கீழ் ஸ்தாயி ஸ்வரங்களெல்லாம் குமிழின் ஒரு மூலையில், தீபாவளி பஸ் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு நம்மூர் வெயில்! சூடு ஏற ஏற சுருதி நகரும். அரை மணி நேரம் ஆன் பண்ணி வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து சேர்த்தால்தான் நிற்கும். ஆபீஸ் பைல் கூட இவ்வளவு படுத்தாது!

இந்தச் சமாசாரம் நம் நாட்டுக்குப் புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். 1969-லேயே ஆமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனத்துக்கு ஒரு மூக் ஸிந்தஸைஸர் வந்து இறங்கியிருக்கிறது. பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒரு சினிமா வாத்தியக்காரர் இருந்தார். ரோலண்டு கம்பெனியின் மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு, 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ரெகார்டு போட்டார். அப்போது யாரும் சீந்தவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1987-ல், சிக்காகோவில் அதே டி.பி.303 பெட்டியை வைத்து 'ஆசிட்' என்று ஒரு புது சங்கீதமே கிளம்பியது. 2010-ல் சிங்கின் ரெகார்டு மறுபடி வெளியானபோது வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். மனுஷர் 2015-ல் போய்ச் சேர்ந்தார். நல்லவேளை, அதற்குள் கைதட்டலைக் கேட்டுவிட்டார்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தவில்கார ஐயா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். சத்தம் கேட்டு ஒரு நாள் வந்து உட்கார்ந்தார்.

"இது என்னா தாளம் தம்பி?"

"12 எண்ணிக்கைங்க ஐயா."

ஒன்றும் பேசாமல் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். எட்டு. எனக்குத் திக்கென்றது. பெட்டி பன்னிரண்டில் சுற்றுகிறது, இவர் எட்டில் போகிறார், எங்கேயோ முட்டிக்கொள்ளப் போகிறது! முட்டவில்லை. பெட்டி இரண்டு சுற்று முடிக்க, இவர் மூணு ஆவர்த்தனம் முடிக்க, 24-ல் இரண்டு பேரும் டக்கென்று ஒரே சமத்தில் வந்து நின்றார்கள். ஐயா சிரித்தார். பெட்டி சிரிக்கவில்லை, அதற்குத் தெரிந்தால்தானே!

அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "இதனால யாருக்கு வேலை போவும் தம்பி?"

அவர் வாசித்துக்கொண்டிருந்த கோயிலில், பூஜை நேரத்துக்கு மோட்டார் வைத்த மேளம் மாட்டிவிட்டார்கள். ஸ்விட்ச் போட்டால் முரசும் மணியும் தானே அடித்துக்கொள்ளும். யோசித்தால் அதுவும் ஒரு ஸீக்வென்ஸர்தான், குமிழுக்குப் பதில் சக்கரமும் கம்பியும். சம்பளம் கேட்காது, தீட்டு பார்க்காது. எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் நான் கீபோர்டு வாசிக்கிற மெல்லிசைக் குழுவின் தலைவர், "பொட்டிதான் தாளம் தப்பாம ஓடுதே, தபலாக்காரரை நிறுத்திடலாமா?" என்று கேட்டிருந்தார். ஒரு முகூர்த்தத்துக்கு அந்தத் தபலாக்காரர் வாங்குகிற கவரில்தான் அவர் வீட்டு மாச மளிகை ஓடுகிறது. பெட்டி ஒருபோதும் தப்பாது என்பது வாஸ்தவம். ஆனால் பாடுகிறவர் மூச்சு வாங்க ஒரு நொடி நின்றால், அவருக்காக அது நிற்கவும் நிற்காது. தபலாக்காரர் நிற்பார்.

மறுநாள் போன் போட்டு, "அவர் வந்தா பொட்டியும் வரும், இல்லேன்னா ரெண்டும் வராது ஸார்" என்றேன். மூன்று வாரமாகத் தலைவரிடமிருந்து பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஐயா தவிலோடு வந்துவிடுகிறார். வரும்போதே உத்தரவு வேறு:

"ஓட்டத்தைக் கொஞ்சம் கொறை தம்பி. இன்னிக்கு மீன் கொழம்பு, கொஞ்சம் தூக்கலா சாப்ட்டுட்டேன்!"