வட்டமும் வாயிலும்

நட்பு தழைப்பதற்கு ஒருங்கே பொழுது போக்குதல் மட்டும் போதாது; ஒருவர் கை மற்றவருக்குத் தேவைப்படல் வேண்டும். அமெரிக்கரின் கூட்டு வண்டிப் பயணங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

‘எயார்ஸ்ட்ரீம்’ எனும் வெள்ளிநிற இழுவை வீடுகளை ஆக்கிய வோலி பையம், 1951இல் அவற்றின் உரிமையாளரை மத்திய அமெரிக்கா நோக்கி அழைத்துச் சென்றார். புறப்பட்டவை 63 வண்டிகள். பயணத்தை நிறைவுசெய்தவை 14 மாத்திரமே. ஆயினும் பயணங்கள் தொடர்ந்தன. 1955இல் கனடாவின் கென்ற்வில் நகரில் அவர் பெயரால் ஒரு கழகமும் தோன்றிற்று. 1959இல் 41 வண்டிகள் கேப்டவுனிலிருந்து கெய்ரோ நோக்கிப் புறப்பட்டன. சேற்றிற் புதைந்த சில்லைத் தள்ளும்போது எவரும் தம் பதவியைச் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. அயலார் நண்பராவது அவ்விடத்தேதான்.

தங்குமிடத்தில் வண்டிகளைச் சக்கரம்போல வட்டமாக நிறுத்துதல் அவர்தம் வழக்கம். அவ்வட்டம் உள்ளிருந்தோரை ஒருவர் முகத்தை ஒருவர் நோக்க வைத்தது. வெளியே நின்றோர்க்கோ வண்டிகளின் முதுகே தெரிந்திருக்கும். பிறநாட்டு மக்களோடு நல்லுறவு வளர்த்தலும் பையத்தின் நோக்கமே. எனினும், இனவொதுக்கல் சட்டமாயிருந்த மண்ணிலே தொடங்கிய பயணத்தில் அவ்வட்டம் சிந்தனைக்குரியதாகின்றது. நாடுகள் பல கடந்தும் தம்மவரோடு மட்டும் நட்புப் பூண்டு மீளுதல் எளிது. வட்டத்துக்கு ஒரு வாயிலும் வேண்டும். அதனூடே அந்நியர் ஒருவர் உள்ளே வந்து அமரும்போதே பயணம் பயன் பெறுகின்றது.