துப்பாக்கி மாடு இல்லைங்க
எங்க தாளவாடியில எல்லை தாண்டினா சாம்ராஜ்நகர். மாடு, மக்காச்சோளம் எல்லாம் ரெண்டு பக்கமும் விலை பேசிக்குவோம். துப்பாக்கி அப்படி இல்லைங்க.

காட்டுப்பன்னி விரட்ட லைசென்ஸோட வெச்சிருந்த ஒத்தைக்குழல் துப்பாக்கிய, அந்தப் பக்கம் இருக்கிற மருமகனுக்குக் கொடுக்கப் பார்த்தார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, வாங்குறவருக்கும் லைசென்ஸ் இருக்கணும். அவர் பேர், விலாசத்தோட கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து, குறைஞ்சது 45 நாள் பொறுக்கணும். சும்மா கொடுத்தாலும் இதே கணக்குதான். லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும்னா, அதை வெச்சுக்கிட்டு எல்லையத் தாண்டவும் கூடாது.

“சொந்தத்துக்குள்ள எதுக்குப்பா காகிதம்?”னார் பெரியவர். நாளைக்கு அந்தத் துப்பாக்கியால ஓர் உசுரு போனா, போலீஸ் முதல்ல தேடி வர்றது அவர் வீட்டுக்குத்தானே!