கீழ் போல்ட்

பழைய வாகனம் என்றால் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் கார்களைப் பற்றித்தான் கதைப்பார்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களும் அதுகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் படம் எடுப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அந்த மரியாதை இல்லை. அது கோடிப்பக்கத்தில், விறகுக்கும் தென்னோலைக்கும் நடுவில், கோழி ஏறிப் படுக்கிற சாமானாகக் கிடக்கும். பழைய இரும்புக்காரர் தெருவில் கூவிக்கொண்டு வரும்போதுதான் வீட்டுக்காரருக்கு அதின்ர ஞாபகமே வரும்.

அரியாலையில் எங்கட வீட்டுக் கோடியில் கிடந்தது ஒரு ஹொண்டா எம்.டி. 90. இது ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்த சைக்கிள். சிவப்பு நிறம், 90 சிசி, நாலு ஸ்ட்ரோக், மூன்று கியர், கையில் கிளச் கிடையாது. அங்கே பாவித்துக் கழித்தவை கப்பலேறி இலங்கைக்கு வந்தன. எண்பதுகளின் கடைசியைப் பற்றி ஊரில் யார் கதை சொன்னாலும் அந்தக் கதைக்குள் ஒரு எம்.டி. 90 ஓடும். எங்கட வீட்டுக்கு இது வந்தது 1988இல். அம்மப்பா அப்ப சங்கக்கடை மனேஜர். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டி, பெற்றோலுக்குத் திரும்பவும் தட்டுப்பாடு வந்தபோது சுவரோடு சாத்தி வைத்தவர். பிறகு முழங்கால் விடவில்லை. நான் அது ஓடிப் பார்த்ததே கிடையாது.

போன வருசம் அம்மா கோடியைத் துப்புரவாக்கி ஒரு கொட்டில் போட வேண்டும் என்று தொடங்கினா. "ஒண்டில் ஓட வை, இல்லாட்டி இரும்புக்குக் குடு" என்றது அவவின் தீர்ப்பு. மூன்று மாதம் தவணை கேட்டேன். நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆள். ஸ்பானருக்கும் எனக்கும் அதுவரை இருந்த உறவு, என்ர லுமாலா சைக்கிளுக்குச் சீற் உயர்த்தினதோடு சரி.

கிக்கரை மிதிக்க அது அசையவில்லை. உள்ளே பெயாரிங் இறுகியிருக்கும், என்ஜினை இறக்கிக் கேஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். இந்த வகை என்ஜினை இறக்குவது உண்மையில் பெரிய வேலை இல்லை. சிலிண்டர் முன்னுக்குக் கிட்டத்தட்டப் படுத்திருக்கும், பின்பக்கத்தில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு நீள போல்ட்டுகள் என்ஜினைப் பிரேமோடு பிடித்திருக்கும். ஒரு பக்கத்தால் நுழைந்து, பிரேமின் தகடு, அலுமினியக் கேஸ், மற்றப் பக்கத் தகடு எல்லாம் தாண்டி அங்கால் வெளியே வந்து நட்டோடு முடியும். நட்டைக் கழற்றி, தட்டி இழுத்தால் வர வேண்டும்.

மேல் போல்ட் வந்தது. கீழ் போல்ட்டின் நட்டும் வந்தது. போல்ட் மட்டும் வரவில்லை.

ஒரு கிழமை மண்ணெண்ணெய் விட்டேன். அடுத்த கிழமை டபிள்யூ.டி. 40 அடித்தேன். அசைவே இல்லை. முதலாவது கராச்சில் கேட்டபோது "பெரிய சுத்தியலால நாலு போடு போட்டா வரும்" என்றார்கள். இரண்டாவது கராச்காரர் நேரில் வந்து குந்தியிருந்து பார்த்தார். "பிரேமுக்கும் கேஸுக்கும் நடுவால வாளை விட்டு அறுத்து எடுப்பம் தங்கச்சி. கேஸ் வெடிச்சால் வேற கேஸ் ஒண்டு எடுத்துப் போடலாம்" என்றார். போகும்போது அம்மாவைப் பார்த்து, "உது பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சரிவராத வேலை அக்கா, இரும்புக்குக் குடுங்கோ" என்றும் சொல்லிப்போட்டுப் போனார்.

அவர் சொன்னதில் இரண்டாவது வசனத்தை விடுவோம். முதலாவதில்தான் சிக்கல். என்ஜின் நம்பர் அடித்திருப்பது அந்தக் கேஸில். வேறு கேஸ் போட்டால் புத்தகத்தில் இருக்கிற நம்பரும் வண்டியில் இருக்கிற நம்பரும் ஒத்து வராது. பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடக்க வேண்டும். அதைவிட, அறுத்தாலும் போல்ட்டின் நடுத்துண்டு கேஸுக்குள்ளேயே இருக்கும். அதைத் துளைத்து எடுக்கப் போனால் துளைக்கிற தண்டு இரும்பை விட்டுவிட்டு மெதுவான அலுமினியத்துக்குள் சரியும். கேஸின் காது உடைந்தால் அந்த எம்.டி. 90 அதோடு முடிந்தது. அம்மாவின் தவணையில் ஆறு கிழமை ஏற்கெனவே போயிருந்தது.

விஞ்ஞான பீடத்தில் இரசாயனம் படிக்கிற சிநேகிதி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அது துரு மட்டும் இல்லையடி. உன்ர சைக்கிளுக்குள்ள ஒரு பற்றரி இருக்கு" என்றாள். இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு மின்கலம் மாதிரி வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம். கரைந்து வெள்ளைத் தூளாக மாறும். அந்தத் தூளுக்கு, அது உலோகமாக இருந்தபோது பிடித்ததைவிடக் கூட இடம் வேண்டும். போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவில் ஏது இடம்? ஆகவே அது போல்ட்டை நசுக்கிப் பிடிக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஊற வைக்கலாம்தான், ஆனால் எண்ணெய் உள்ளே போகவே ஒரு வழி வேண்டுமே.

யாழ்ப்பாணத்தில் இதற்கு உப்பைத் தேடிப் போகத் தேவையில்லை. குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தூரம் இல்லை. எங்கட வீட்டில் இருந்து பரவைக்கடலுக்குச் சைக்கிளில் சில நிமிடம். சோளகம் ஒரு பக்கத்தால் உப்பைக் கொண்டுவரும், வாடை மற்றப் பக்கத்தால் கொண்டுவரும். மழைத்தண்ணீர் வடிந்து நிற்பது கீழே என்றபடியால்தான் மேல் போல்ட் தப்பி, கீழ் போல்ட் மாட்டுப்பட்டது.

அப்ப எனக்கு ஒரு யோசனை வந்தது. அலுமினியத்தையும் இரும்பு போல்ட்டையும் உப்புத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பாவிக்கிற ஆட்கள் ஊரில் இருக்கிறார்களே. கடற்தொழில் செய்கிறவர்களின் அவுட்போட் என்ஜின் முழுக்க அலுமினியம்தான். என்ர வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா பாசையூரில் அந்த என்ஜின்கள் திருத்துகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் படங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆரும் சுத்தியலால அடிச்சவையோ?"

"இல்லை அங்கிள்."

"அப்ப வரும்."

சுத்தியலால் அடித்தால் போல்ட்டின் நுனி காளான் மாதிரி விரிந்துவிடும், பிறகு அது எந்தப் பக்கத்தாலும் வராது என்று விளங்கப்படுத்தினார். இந்தப் போல்ட்டுக்குக் கேஸில் புரி கிடையாது, வெறும் துளைக்குள்ளால்தான் போகிறது. ஆகவே முதலில் அதைச் சுழற்ற வேண்டும். சுழன்றால் பிடி விட்டது என்று அர்த்தம். பிறகுதான் தள்ளுவது.

சுழற்றுவதற்குச் சூடு வேண்டும். "போல்ட்டைச் சுடாதேங்கோ பிள்ளை, கேஸைச் சுடுங்கோ" என்றார். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். நான் பிறகு வீட்டில் இருந்து கணக்குப் பார்த்தேன். 8 மில்லிமீற்றர் துளை, 100 பாகை சூடு ஏறினால் கிடைக்கிற இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒன்று கூட இல்லை. தலைமயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லிசு. ஆனால் எண்ணெய்க்கு அது போதும்.

சனிக்கிழமை அவர் புளோலாம்போடு வந்தார். பெற்றோல் தாங்கி, காபரேற்றர், என்ஜின் ஒயில் எல்லாவற்றையும் நான் முதலே கழற்றி வடித்து, எட்ட வைத்திருந்தேன். ஒரு வாளி மண்ணும் பக்கத்தில் இருந்தது. கேஸின் காதைச் சுற்றிச் சுவாலையை ஓரிடத்தில் நிற்கவிடாமல் ஆட்டிக்கொண்டே சூடாக்கினார். தண்ணீரைத் தெளித்தால் துளி துள்ளி ஓட வேண்டும், அதுதான் அளவு. சுவாலையை நிற்பாட்டிவிட்டு ஒரு மெழுகுதிரியைப் போல்ட்டின் ஓரத்தில் பிடித்தார். மெழுகு உருகி, வழியாமல், உள்ளே இழுபட்டுப் போனது. பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, "எங்க போகுது?" என்று கேட்டா.

பிறகு ஸ்பானரை என்ர கையில் தந்தார். "முதல் இறுக்குங்கோ." கழற்றுகிற பக்கத்துக்கே ஒரேயடியாக இழுத்தால் தலை முறியும். இறுக்குகிற பக்கம் கொஞ்சம், கழற்றுகிற பக்கம் கொஞ்சம், இரண்டுக்கும் நடுவில் எண்ணெய். நான் இழுத்தேன். ஒன்றும் இல்லை. திரும்பவும் சூடு, திரும்பவும் மெழுகு. நாலாவது முறை "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "முறியேல்லை. விட்டிட்டுது" என்றார் அவர். ஸ்பானர் ஒரு நூலளவு நகர்ந்திருந்தது.

அந்த நூலளவை அரைச் சுற்றாக்க இருட்டிவிட்டது. ஒவ்வொரு முறையும் போல்ட்டின் ஓரத்தால் எண்ணெயோடு வெள்ளைச் சேறு வந்துகொண்டிருந்தது. ஞாயிறு காலை முழுச் சுற்று சுழன்றது. நட்டை நுனியோடு மட்டமாகப் பூட்டி, பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து, நிதானமாக ஒரு அடி. பிறகு இன்னொன்று. பத்து மணி போல போல்ட் மண்ணில் விழுந்தது. கேஸின் காதில் ஒரு வெடிப்பும் இல்லை.

கழுவிப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. அது ஹொண்டாவின் போல்ட்டே இல்லை. மேல் போல்ட்டுக்குத் துரு பிடிக்காமல் நாகப் பூச்சு இருந்தது, தலையில் அடையாளம் இருந்தது. இதற்கு இரண்டும் கிடையாது. தலையின் ஆறு பக்கமும் அரத்தால் ராவியது, ஒன்றுக்கொன்று சமன் இல்லை. உடம்பில் கடைந்த வரிகள். பூச்சில்லாத வெறும் இரும்பு இத்தனை வருசம் உப்புக்குள் இருந்தால் இறுகாமல் என்ன செய்யும்?

அம்மப்பாவின் கையில் கொடுத்தேன். அவருக்கு இப்ப 81. கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது 93இல போட்டது" என்றார்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் கூப்பனுக்குக் கிடைத்தது. மோட்டார் சைக்கிள்கள் அதில்தான் ஓடின. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் இருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது எங்கட ஆட்களின் கெட்டித்தனம் என்று எத்தனையோ பேர் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். அம்மப்பா அந்தச் சொல்லை ஏற்கமாட்டார். "கெட்டித்தனம் என்ன? வேற வழி இல்லை. ஒரே புகை. உன்ர அம்மம்மாவுக்கு முட்டு வந்தது அந்தப் புகையிலதான் எண்டு நான் இப்பவும் நினைக்கிறன்."

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும், பெயாரிங் தேயும். அப்படித்தான் 93இல் இந்த என்ஜினை இறக்க வேண்டி வந்திருக்கிறது. அப்போது கீழ் போல்ட்டின் புரி போய்விட்டது. புதுப் போல்ட்டுக்கு எங்கே போவது? பக்கத்துத் தெருவில் ஒருவர் லேத் வைத்திருந்தாராம். கரன்ட் இல்லாதபடியால் தோட்டத்துத் தண்ணீர் பம்பின் என்ஜினில் பட்டி பூட்டி லேத்தை ஓட்டுவாராம். ஏதோ ஒரு பழைய கம்பியில் இதைக் கடைந்து தந்திருக்கிறார். காசு வாங்கவில்லை, இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கியிருக்கிறார்.

"அவர் இப்ப எங்க அம்மப்பா?"

"95 ஒக்டோபர் 30, இடம்பெயரேக்க செம்மணி றோட்டில கண்டனான். சனத்துக்குள்ள சைக்கிள் உருட்டிக்கொண்டு போனவர். அதுக்குப் பிறகு காணேல்லை. 96இல நாங்கள் திரும்பி வந்தம். லேத் நிண்ட கொட்டில் இல்லை. அவரும் வரேல்லை."

எங்கே போனார், இருக்கிறாரா என்று அம்மப்பாவுக்குத் தெரியாது. அவரின் பெயர் அம்மப்பாவுக்கு நினைவில் இருக்கிறது. விசாரிக்க யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று நான் இப்ப கேட்டுக்கொண்டு திரிகிறேன். இரண்டு ஊர்க்காரர் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இன்னும் போகவில்லை.

அந்தப் போல்ட்டையே கழுவித் திரும்பப் போடுவோமா என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. நடுப்பகுதி அரிபட்டு மெலிந்திருந்தது. என்ஜினின் முழுப் பாரமும் ஆட்டமும் அதில்தான் வரும். அம்மப்பாவுக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. "பழுதாப்போன போல்ட்டை ஆராவது பூட்டுவினமோ? புதுசு வாங்கு" என்றார். பழசை எறியச் சொன்னார். நான் எறியவில்லை. அது என்ர மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

என்ஜின் இப்ப பிரித்தபடி சாக்கில் கிடக்கிறது. பெயாரிங் கொழும்பில் இருந்து வர வேண்டும். அம்மா தவணையை நீட்டித் தந்திருக்கிறா, கொட்டிலைக் கிணற்றடிப் பக்கம் மாற்றியாயிற்று. வாகன இறக்குமதி 2020இல் நின்ற பிறகு பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கிராக்கி கூடி, இதையும் விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்து போனார்கள். அவர்களுக்கு இல்லை என்று பதில் சொன்னது அம்மாதான்.

புதுப் போல்ட் வாங்கி வைத்திருக்கிறேன், நாகம் பூசியது. பாசையூர் அங்கிள் ஒரு டின் கிறீஸும் தந்துவிட்டார். பூட்டும்போது நுனியில் இருந்து தலைவரை தடிப்பாகப் பூச வேண்டுமாம், துளைக்குள்ளும் விட வேண்டுமாம், வருசத்துக்கு ஒருக்கால் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூச வேண்டுமாம். அவர்கள் கடலில் அப்படித்தான் செய்கிறார்கள். காற்றில் உப்பு இருக்கிற ஊரில் தரையிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். நீங்களும் கோடிப்பக்கம் போய் ஒருக்கால் பாருங்கோ. கிடக்கிற வண்டியின் நட்டுகளுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கோ. சுத்தியலை மட்டும் எடுக்காதேங்கோ.