நியூகேட் சிறையில் ஒரு பிரபு

ஜார்ஜ் கார்டன் பிரபு என்னும் பெயர் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால், இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் வரலாற்றைப் படிப்பவர் எவரும் அந்தப் பெயரைக் கடந்து செல்ல இயலாது. 1780-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலண்டன் மாநகரைத் தீயில் தள்ளிய கலகத்திற்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

என் தந்தையார் நாள்தோறும் வாசித்த ஆங்கில விவிலியம் ஆயர் ரிச்சர்ட் சாலனர் திருத்தியமைத்த பதிப்பாகும். அந்த ஆயரின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் கார்டனை அறிந்தேன். கலகக்காரர்கள் தேடி வரக்கூடும் என்று அஞ்சி, 88 வயது முதியவரான சாலனரை நண்பர்கள் நகருக்கு வெளியே ஃபிஞ்ச்லிக்கு அழைத்துச் சென்று காத்தனர். அடுத்த சனவரியில் அவர் காலமானார். இதைப் படித்தவுடன் கார்டன்மீது என் உள்ளத்தில் எழுந்தது கசப்புத்தான். அந்தக் கசப்பை முழுமையாக வைத்துக்கொள்ள விடாமல் செய்தது அவருடைய பிற்கால வாழ்க்கை.

கார்டன் 1751 டிசம்பர் 26-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பெருங்குடி ஒன்றில், மூன்றாம் கார்டன் கோமகனின் மகனாகப் பிறந்தார். அக்குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் கோமகனாகிய அவருடைய பாட்டனார் ஒரு கத்தோலிக்கர். 1728-இல் அவர் இறந்தபின், பாட்டியார் பிள்ளைகளைப் புரோட்டஸ்டண்டு நெறியில் வளர்த்தார்; அதற்காக அரசு அவருக்கு ஆண்டுக்கு 1000 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. இரு தலைமுறைக்கு முன் கத்தோலிக்க இல்லமாக இருந்த அதே வீட்டிலிருந்துதான் நமக்கு எதிரான குரல் எழுந்தது.

இளமையில் கடற்படையில் பணிபுரிந்த கார்டன், எளிய மாலுமிகளுக்காகப் பரிந்து பேசி மேலிடத்தின் வெறுப்பைத் தேடிக்கொண்டார். ஜமெய்க்காவில் அடிமைகள் பட்ட துன்பத்தைக் கண்டு மனம் கொதித்தார். 1774-இல் லட்கர்ஷால் தொகுதியின் உறுப்பினராக மக்களவைக்குள் நுழைந்தார். அது வாக்குகளால் வந்த இடமன்று, பணத்தால் வந்த இடம். அக்காலத்தில் அதைக் குற்றமாக எவரும் கருதவில்லை. அவையில் அவர் அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது அரசு தொடுத்த போரைக் கடுமையாகச் சாடினார். ஒடுக்கப்பட்டோருக்காக இவ்வாறு பேசியவர், தம் நாட்டுக் கத்தோலிக்கரின் நிலையை மட்டும் ஏன் காணவில்லை?

அந்நிலை என்னவென்று பார்ப்போம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, திருப்பலி நிறைவேற்றும் குருவுக்கு ஆயுள் சிறை. காட்டிக்கொடுப்பவருக்கு 100 பவுண்டு பரிசு. 1767-இல்கூட ஒரு குருவுக்கு இச்சட்டப்படி தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் கத்தோலிக்கர் பலர் வெளிநாட்டுத் தூதரகங்களின் சிற்றாலயங்களிலேயே திருப்பலி கண்டனர். 1778-இல் சர் ஜார்ஜ் சேவில் கொண்டுவந்த சட்டம், அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்த கத்தோலிக்கருக்கு இத்தண்டனைகளை நீக்கியது. நிலம் வாங்கவும் மரபுரிமையாகப் பெறவும் வழிசெய்தது. வெளிப்படையாக ஆலயம் அமைத்து வழிபடும் உரிமையை அது தரவில்லை. அதற்கு 1791 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இச்சலுகையும் கருணையால் மட்டும் பிறந்ததன்று. அமெரிக்கப் போருக்குக் கத்தோலிக்க வீரர்கள் தேவைப்பட்டனர். அந்தக் கணக்கைக் கார்டன் நன்கு புரிந்துகொண்டார். கொடுங்கோலுக்குத் துணைநிற்கும் படையாகவே கத்தோலிக்கரைக் கண்டார். கோவில் இல்லாத குடிமக்களாகக் காணவில்லை.

1779-இல் புரோட்டஸ்டண்டு சங்கத்தின் தலைமையை ஏற்ற அவர், சட்டத்தை நீக்கக் கோரும் மனுவுக்குக் கையொப்பங்கள் திரட்டினார். 1780 ஜூன் 2, வெள்ளிக்கிழமை, கொளுத்தும் வெயிலில் புனித ஜார்ஜ் திடலில் ஏறத்தாழ 50,000 பேர் கூடினர். தொப்பிகளில் நீல நாடாக்கள். சுருளாகச் சுருட்டிய மனுவுடன் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் நகர்ந்தது. அவைக்குள் விவாதம் நடக்க, கார்டனோ அடிக்கடி வெளியே ஓடிவந்து, யார் யார் எதிர்த்துப் பேசுகிறார்கள் என்று கூட்டத்திற்கு அறிவித்துக்கொண்டிருந்தார். கும்பல் உள்ளே நுழைந்தால் தம் வாள் கும்பலின்மீது அன்று, கார்டனின்மீதே பாயும் என்று அவருடைய உறவினர் ஒருவர் எச்சரித்ததாகவும் சொல்வர்.

அன்றிரவே சார்டினியத் தூதரகச் சிற்றாலயமும், வாரிக் தெருவிலிருந்த பவேரியத் தூதரகச் சிற்றாலயமும் சூறையாடப்பட்டன. பின்னர் மூர்ஃபீல்ட்சில் வாழ்ந்த ஏழை ஐரிஷ் கத்தோலிக்கரின் வீடுகள். ஆறாம் நாள் நியூகேட் சிறை தீக்கிரையாகிக் கைதிகள் வெளியேறினர். தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபுவின் வீடும் அரிய நூலகமும் சாம்பலாயின. ஏழாம் நாள் லாங்டேல் என்ற கத்தோலிக்கரின் வடிசாலை ஹோல்பர்னில் எரிந்தது. தெருவில் ஓடிய சாராயத்தை அள்ளிக் குடித்தே பலர் மாண்டனர். மறைக்காகப் புறப்பட்ட ஊர்வலம் ஐந்தே நாள்களில் சாக்கடையில் வாய்வைத்துக் கிடந்தது. அன்று இங்கிலாந்து வங்கியையும் கும்பல் தாக்கியது. படையினர் சுட்டதில் மாண்டோர் ஏறத்தாழ 285 பேர் என்று அரசு கணக்கிட்டது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர்.

ஒன்பதாம் நாள் கார்டன் கைதாகி இலண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1781 பிப்ரவரியில் இராசத்துரோக வழக்கு. நீதியிருக்கையில் அமர்ந்தவர் வீட்டையும் நூலகத்தையும் இழந்த அதே மேன்ஸ்ஃபீல்ட்! கார்டனுக்காகத் தாமஸ் எர்ஸ்கின் வாதாடினார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கும் எண்ணம் கார்டனுக்கு இருந்ததில்லை என்று ஏற்று, நடுவர்கள் அவரை விடுவித்தனர். சட்டத்தின்படி தீர்ப்பு சரியென்றே எனக்கும் தோன்றுகிறது. அவர் எந்த வீட்டிற்கும் தீ வைக்கவில்லை, வைக்கச் சொல்லவுமில்லை. ஆயினும் மூர்ஃபீல்ட்சில் கூரையை இழந்த தாய்க்கு அந்த விடுதலையால் என்ன பயன்? தூக்குமேடை ஏறியவர்கள் எளியவர்கள். மனுவைத் தந்த பிரபு வீடு திரும்பினார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். 1787-இல் கார்டன் விருத்தசேதனம் பெற்று யூத மறையைத் தழுவினார், இஸ்ரயேல் பார் ஆபிரகாம் என்று பெயர் பூண்டார், தாடி வளர்த்தார். கைதிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்டித்து எழுதியதற்காகவும், பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தை இழித்துரைத்ததற்காகவும் அதே ஆண்டில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, 1788 சனவரியில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அடைக்கப்பட்ட இடம், எரிந்தபின் மீண்டும் கட்டப்பட்ட நியூகேட்.

அங்கே அவர் யூத உணவு விதிகளையும் ஓய்வுநாளையும் வழுவாது காத்தார்; சிறைக்குள்ளேயே யூதர்களைக் கூட்டி வழிபட்டார். தம்மிடமிருந்த பணத்தையும் உணவையும் ஏழைக் கைதிகளோடு பகிர்ந்துகொண்டார். 1793 சனவரியில் தண்டனைக்காலம் முடிந்து நீதிமன்றத்திற்கு வந்தபோது தொப்பியைக் கழற்ற மறுத்தார். காவலர் அதைப் பறித்ததும் துணியால் தலையை மூடிக்கொண்டார். பிணையாக அவர் நிறுத்திய இரண்டு ஏழை யூதர்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் மீண்டும் சிறைக்கே திரும்பினார்.

அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உலகம் சிரித்தது. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. 1780-இல் இருந்த அதே பிடிவாதம்தான் 1793-லும் இருந்தது. முன்பு அதன் விலையை மூர்ஃபீல்ட்சின் ஏழைகள் கொடுத்தனர். இப்போது அவரே கொடுத்தார். இந்த ஒரு வேறுபாடுதான் அவரை வெறுப்பதை எனக்குக் கடினமாக்குகிறது. மன்னிப்பதும் எளிதாகிவிடவில்லை; எரிந்த வீடுகளின் சார்பில் மன்னிக்க நான் யார்?

1793 நவம்பர் முதல் நாள், நாம் புனிதர் அனைவரின் பெருவிழாவைக் கொண்டாடும் அந்நாளில், சிறைக் காய்ச்சலால் அவர் உயிர்நீத்தார். வயது 41. அவர் பழித்துரைத்த பிரெஞ்சு அரசி கொலைக்களம் சென்று இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. அவருடைய உடல் யூதர் கல்லறையில் அன்று, ஹாம்ஸ்டெட் சாலையில் இருந்த புனித யாக்கோபு ஆங்கிலிக்கன் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டது. 2018-இல் தொடங்கி, புதிய இரயில் நிலையப் பணிக்காக அத்தோட்டம் தோண்டப்பட்டது. பல்லாயிரம் பேரின் எலும்புகள் எடுக்கப்பட்டு வேறிடத்தில் மீண்டும் புதைக்கப்பட்டன.

எங்கள் பங்கில் நவம்பர் மாதத்தில் இறந்தோரின் பெயர்களை எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கடந்த ஆண்டு என் பெற்றோரின் பெயர்களுக்குக் கீழே கார்டனின் பெயரையும் எழுத எண்ணினேன். அவர் அதை விரும்பியிருப்பாரா என்ற ஐயம் கையைத் தடுத்தது. அவர் யூதராக வாழ விரும்பி, யூதராகவே இறந்தவர். ஆகவே பெயரை எழுதவில்லை. நாம் இறந்தோருக்காகச் சொல்லும் 130-ஆம் திருப்பாடல் அவருடைய மறையின் திருப்பாடலும் அல்லவா? அன்றிரவு அதை ஒருமுறை அவருக்காகச் சொன்னேன். மூர்ஃபீல்ட்சின் ஏழைகளுக்காக இன்னொரு முறை சொன்னேன்.